கூரை ஓட்டையில் செய்தித்தாள்

கார் ஷெட் கூரையின் ஓரப்பலகை உளுத்துப்போய், டெஸ்ஸாவின் தலை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. மே மாதம் பிறந்ததும் அவள் அப்பா முதல் வேலையாகப் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அந்த ஓட்டையில் திணித்தார்.

"ராத்திரி முழுக்க பேப்பர் இப்படியே இருந்தா உள்ள யாரும் இல்லன்னு அர்த்தம்," என்றார் ஏணியிலிருந்து இறங்கியபடி. "கீழ விழுந்து கெடந்தா உள்ள ரக்கூன் குடியிருக்கு, ராத்திரி இரை தேட வெளிய வர்றப்ப தள்ளிவிட்டிருக்குன்னு அர்த்தம். காலைல நீதான் பார்த்துச் சொல்லணும்."

"அடைச்சதும் ஏரிக்கு மீன் பிடிக்கப் போறோம்ல?"

"அடைச்சாத்தான்."

மறுநாள் காலை செய்தித்தாள் கசங்கிப் புல்லில் கிடந்தது.

டெஸ்ஸா அதைப் பார்த்தாள். சுவரோரம் தயாராக நின்ற தூண்டில்களையும் பார்த்தாள். காற்றில் விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று ஓர் இலைகூட அசையவில்லை, அது வேறு விஷயம். விறுவிறுவென்று ஏணியில் ஏறி, தாளைப் பழையபடி ஓட்டையில் திணித்தாள்.

"பேப்பர் இருந்துச்சா?" என்று அப்பா கேட்டார்.

"அப்படியே இருந்துச்சுப்பா."

அப்பா ஓட்டையின் மேல் கம்பி வலையை வைத்து ஆணி அடித்தார்.

ஏரியில் மூன்று மீன்கள் சிக்கின. ஏனோ டெஸ்ஸாவுக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை.

பிற்பகலில் வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு லோர்னா ஆன்ட்டி சண்டைக்குக் கிளம்பியவர் மாதிரி துடைப்பமும் கையுமாக நின்றிருந்தார்.

"அங்க பாருங்க இயன்! பட்டப்பகல்ல ரக்கூன்! அதுக்கு வெறி பிடிச்சிருக்கு. எவ்வளவு நேரமா துடைப்பத்தை ஆட்டுறேன், என்னை ஒரு ஆளாவே மதிக்கல!" என்று அப்பாவிடம் கத்தினார்.

கூரை ஓரத்தில், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வளையம் வளையமான வாலுமாக ஒரு பெரிய ரக்கூன் கம்பி வலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. குழந்தையின் கை போன்ற அதன் விரல்களில் ரத்தம் கசிந்தது.

"நகராட்சிக்குப் போன் பண்ணிட்டேன். கூண்டு வண்டி வருது. வெறின்னு தெரிஞ்சா ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க," என்றார் ஆன்ட்டி.

அப்போதுதான் டெஸ்ஸாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. வலைக்கு உள்ளேயிருந்து, குருவிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு கீச்சுக்குரல். காலையில் புல்லில் கிடந்த தாள் அவள் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

"அதுக்கு வெறி இல்ல," என்றாள். "உள்ள அதோட குட்டிங்க இருக்கு."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"பேப்பர் கீழதான் கெடந்துச்சுப்பா. நான்தான் திரும்ப வச்சேன். ஏரிக்குப் போகணும்னு... பொய் சொல்லிட்டேன்."

லோர்னா ஆன்ட்டியின் துடைப்பம் மெல்லத் தாழ்ந்தது. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது டெஸ்ஸாவுக்கு. வெட்கத்தில் காது மடல்கள் எரிந்தன. தலையை நிமிர்த்த முடியவில்லை.

"அப்புறமா திட்டுங்கப்பா, முதல்ல வலையைக் கழட்டுங்க," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஆன்ட்டி, வண்டி வேணாம்னு சொல்லிடுங்க, ப்ளீஸ்!"

ஆன்ட்டி போனைத் தேடி ஓடினார். அப்பா ஏணியில் ஏறியதும் ரக்கூன் உறுமிக்கொண்டே கூரை உச்சிக்குப் பின்வாங்கியது. அவர் ஆணிகளைப் பிடுங்கி வலையைக் கழற்றினார்.

பிறகு மூவரும் சமையலறை ஜன்னலில் முகத்தை வைத்துக் காத்திருந்தார்கள். தாய் ரக்கூன் உள்ளே நுழைந்தது. ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வெளியே வந்து, மேப்பிள் மரங்களுக்குள் மறைந்தது. திரும்பி வந்தது. இப்படி நான்கு முறை.

"நாமதான் திறந்துட்டோமே, ஏன்பா போகுது?"

"இனிமே அது இந்த இடத்தை நம்பாதும்மா."

அவர் ரக்கூனைப் பற்றித்தான் சொன்னார். ஆனாலும் டெஸ்ஸாவுக்குச் சுருக்கென்றது.

அன்று மாலை அப்பா மறுபடியும் ஒரு செய்தித்தாளைச் சுருட்டினார். "இந்தத் தடவை மூணு ராத்திரி. நீதான் பார்த்துச் சொல்லணும்."

"நானா?"

"நீதான்."

மூன்று நாளும் டெஸ்ஸா பல்கூடத் துலக்காமல் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

"அப்படியே இருக்குப்பா," என்றாள் மூன்றாம் நாள். உடனே அவசரமாக, "நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்களேன்!" என்றாள்.

அப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

"அதான் நீ பார்த்துட்டியே. வா, ஏணியைப் பிடி."

டெஸ்ஸா இரண்டு கைகளாலும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.