வந்தார்மேட்டு மணல்

சுந்தரபாண்டியன் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு நான் போனது பாலுக்காக அல்ல. எதிர்வீட்டில் என்ன கல் பதித்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். குத்துக்கல்வலசையில், எங்கள் தெருவில், மார்பிள் போட்ட முதல் வீடு. குற்றாலத்துச் சாரல் அன்று எங்கள் தெரு வரைக்கும் தூவிக்கொண்டிருந்தது. வாசலில் சந்தனமும் பன்னீரும் மணத்தன. கூடத்தில் மட்டும் வேறொரு வாடை.

"என்ன மதினி, மூக்கை உறிஞ்சுதிய?" என்றாள் அவர் மனைவி வேல்விழி.

"ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா கருவாடா வறுத்த?"

அவள் முகம் சுருங்கியது. அவளுக்கும் அந்த வாடை அடித்திருக்கிறது.

ஆடி பிறப்பதற்குள் சுவர் உப்புப் பூத்துவிட்டது. சுந்தரபாண்டியன் ஊருக்கெல்லாம் வீடு கட்டித் தருகிற காண்ட்ராக்டர். அவர் வீட்டுச் சுவரே பொரிந்தால் நான் பார்க்காமல் இருக்க முடியுமா? கடற்கரை ஊரிலிருந்து வந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஹுஸ்னா டீச்சரையும் துணைக்கு இழுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் போனேன்.

உப்பு, வாசலருகே தொடங்கிக் கூடத்துச் சுவர் நெடுக அரிவாள்போல வளைந்து, படுக்கையறைக்குள் போய் முடிந்தது. ஹுஸ்னா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலால் தடவினாள்.

"இது எங்க ஊரு வளைகுடாக்கா. இது வடக்கு முனை. இங்கன மாதா கோயில் தெரு. இந்தப் பள்ளம், ஓடை கடல்ல விழுத இடம். அதுக்குப் பக்கத்துல எங்க பள்ளிவாசல் தெரு. தெக்க, உப்பளத்துக்காரங்க வீடுக."

படுக்கையறைக் கதவருகே விரல் நின்றது.

"உள்ள போனா?"

"வந்தார்மேடு."

அந்த வளைகுடாவில் கடல் எந்த உடம்பைக் கொண்டு போட்டாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டவராயிருந்தாலும், மூன்று தெருக்காரர்களும் சேர்ந்து அந்த மணல்மேட்டில்தான் அடக்கம் செய்வார்களாம். இறங்கி வரும்போது ஓடையில் காலைக் கழுவி, ஒட்டின மணலை அங்கேயே விட்டுவிட வேண்டும். கடலில் போன அவள் அண்ணன் ஆதமும் அங்கேதான் கிடந்தான். போன வருஷம் யாரோ லாரி வைத்து மேட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

சோபாவில் சாய்ந்திருந்த சுந்தரபாண்டியன் சிரித்தார். "மணலுக்கு ஏது டீச்சர் முகவரி? தரைக்கு அடியில போட்டு நெரப்பினேன். ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சா எல்லாம் சரியாப் போவும்."

"அப்ப எலும்பெல்லாம், அண்ணாச்சி?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"அதான் சலிச்சுட்டோம்லா."

ஹுஸ்னா அழவில்லை. வடக்கு முனையில், ஆள் உயரத்துக்கு ஓர் ஈரத்திட்டு இருந்தது. அதைத்தான் பார்த்தாள்.

மறுநாள் அந்த ஈரம் மாதா கோயில் தெருவில் நின்றது. அதற்கடுத்த நாள் ஓடையில்.

"எங்க ஆதம் காக்கா நடக்குதாரு," என்றாள் ஹுஸ்னா. "தன் எடத்தைத் தேடி நடக்குதாரு. மேட்டுக்குப் போய்ச் சேருததுக்குள்ள மணலைத் தோண்டிக் கொண்டு போட்டுருங்க அண்ணாச்சி. இல்லைன்னா உங்களைக் கொண்டு போயிருவாரு."

வேல்விழி காலில் விழாத குறை. "தரையை ஒடையுங்க. நீங்க இருந்தாப் போதும் எனக்கு."

"மார்பிளை ஒடைக்கவா? கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?"

அவள் பண்பொழியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் பெயிண்ட் அடித்தார். சாயங்காலத்துக்குள் உப்பு அதையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

மறுநாள் மத்தியானம் என் ஜன்னல் வழியே பார்த்தேன். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, கையில் பாதி அப்பளம். கதவைத் தாழிட்டுக்கொண்டு படுக்கப் போனார். சாரல் நின்றிருந்தது. தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை.

அப்போதுதான் கேட்டது.

அருவி இரைச்சல் எனக்குத் தெரியும். அது விழுந்துகொண்டே இருக்கும். இது வந்தது. திரும்பிப் போனது. மறுபடியும் வந்தது. தெருவைத் தாண்டி அவர் வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி?"

கதவைத் தட்டினேன்.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து என் கால்விரல்களை நனைத்தது. குனிந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

தெருக்காரர்களைக் கூட்டிக் கதவை உடைத்தோம். ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. மெத்தை ஊறிக் கிடந்தது. நடுவில், ஆள் படுத்த பள்ளம் நிறைய மணல். சுவரில் அந்த ஈரத்திட்டு இல்லை.

அவரும் இல்லை.

விடிந்ததும் ஹுஸ்னாவின் உம்மா போனில் கூப்பிட்டாள். வந்தார்மேட்டில் லாரிகள் தோண்டிய பள்ளத்தில் கடல் ஓர் உடம்பைக் கொண்டு போட்டிருக்கிறதாம். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி.

அறுத்துப் பார்த்த டாக்டர், தண்ணீரில் பத்து நாளாவது கிடந்த உடம்பு என்றார். முந்தின நாள் நான் அந்த மனுஷன் அப்பளம் கடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

தூக்கிக்கொண்டு வரும் நிலையில் அவர் இல்லை. வேல்விழி தலையசைத்தாள். அந்தப் பள்ளத்திலேயே அடக்கம் செய்தார்கள். வேனில் நானும் போயிருந்தேன், போகாமல் இருப்பேனா? திரும்பும்போது எல்லாரும் ஓடையில் காலைக் கழுவினார்கள். நானும் நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினேன்.

கழுவிவிட்டு, மேட்டில் போட்டு நடந்த அதே செருப்பை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினேன்.

இன்று காலை என் அடுப்படிச் சுவரில் உப்புப் பூத்திருக்கிறது. சின்னதாக, அரிவாள்போல ஒரு வளைவு. வடக்கு முனையில் ஆள் உயரத்துக்கு ஈரம்.

அதன் இடுப்புக்குக் கீழே, கட்டம் கட்டமாகப் பச்சை.