பல் இல்லாத பிணம்

"ஐயோ... என் வூட்டுக்காரரே..!"

கஸ்தூரியின் அலறலில் பிணவறையே அதிர்ந்தது.

மேடையில் கரிக்கட்டையாய் ஓர் உடல். கீழ்பென்னாத்தூர் சாலையில் எரிந்து கிடந்த காரிலிருந்து எடுத்தது. கார், கஸ்தூரியின் கணவன் மாறனுடையது. விரலில் கிடந்த மோதிரமும் அவனுடையதுதான்.

மாறன் பெயரில் பெரிய தொகைக்கு ஆயுள் காப்பீடு. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி வினோதினி வந்திருப்பது அதற்காகத்தான்.

கஸ்தூரி வெளியே போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"தொண்டையில புகையே போகலைங்க. எரியறதுக்கு முன்னாடியே ஆளு செத்தாச்சு. அப்புறம்... வாயில ஒரு பல்லு கூட இல்ல. எல்லாம் வயசாகி எப்பவோ விழுந்தது."

வினோதினி பாலிசி ஃபைலைப் புரட்டினாள்.

"மாறன் சின்ன வயசுக்காரர் டாக்டர்! பாலிசி எடுக்கறப்போ செக்-அப் பண்ணோம். பல்லெல்லாம் முழுசா இருந்துச்சு."

"அப்போ இது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர் ஜானி பாஷா.

காணாமல் போன பல்லில்லாத கிழவர் யாரென்று விசாரித்ததில், பதில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் கிடைத்தது. பூ விற்கும் பச்சையம்மாள் சொன்னாள்.

"ஒரு பொக்கைவாய் சாமியாருங்க. இங்கதான் குந்தினு இருப்பாரு. புது வேட்டி வாங்கித் தர்றேன்னு ஒருத்தன் கார்ல ஏத்தினு போனான். அப்புறம் ஆளையே காணோம்!"

ஜானி பாஷா மாறனின் போட்டோவை நீட்டினார்.

"இவனேதான் சார்!"

சாமியார் உட்கார்ந்திருந்த இடத்தை வினோதினி பார்த்தாள். ஒரு வேட்டிக்கு ஆசைப்பட்டு... அந்தக் கிழவருக்காக அழக்கூட ஆள் இல்லையே!

"மாறன் உயிரோட இருக்கான் சார்."

"ஆமா மேடம். கஸ்தூரிக்கு ஒரு புது நம்பர்லேர்ந்து போன் வந்துனே இருந்துச்சு. டவர், ரமணாசிரமம் பக்கம். இன்னிக்கு மட்டும் சத்தத்தையே காணோம்!"

கஸ்தூரியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

ரமணாசிரமம் பக்கத்தில், அந்த நம்பர்காரன் தங்கியிருந்த வாடகை அறை. வெளியே பூட்டு! ஜானி பாஷா உடைத்தார்.

உள்ளே...

மொட்டைத் தலை. காவி வேட்டி. வாயில் நுரையோடு தரையில் கிடந்தான் மாறன். பக்கத்தில் பாதி தின்ற புளியோதரை.

நாடி பார்த்த வினோதினி சட்டென்று கையை எடுத்தாள். உடல் ஜில்லிட்டிருந்தது.

"சோறு குடுத்து வெளியே பூட்டிட்டு வந்தது நீயா..?" என்று கஸ்தூரியிடம் திரும்பினாள்.

கஸ்தூரியின் கண்ணில் பொட்டு ஈரமில்லை.

"சாமியாரைக் கொன்ன ஆளு, நாளைக்கு என்னை மட்டும் உடுவாரா? ஊருக்கு அவரு ஏற்கெனவே செத்தாச்சு. மறுபடி செத்தா யாரு தேடப் போறாங்கன்னுதான் சோத்துல கலந்தேன்."

மெல்ல நிமிர்ந்தாள்.

"இப்ப நிஜமாவே செத்துட்டாரே மேடம்... பணம் வருமா?"

"பணம் வராதும்மா. மூணு வேளை சாப்பாடு வரும்... வேலூர் ஜெயில்ல!" என்றாள் வினோதினி.