இருபதடி தூரத்தில் ஒரு துணை

மனித இனம் தன் கண்களைத் திரைகளிடமிருந்து என்றென்றைக்குமாக மீட்டுக்கொண்ட இடம் செவ்வாய் கிரகம் என்று குடியேற்றத் தலைவர் தில்லைவிளாகம் கல்வெட்டே வைத்திருந்தார். அந்தக் கல்வெட்டின் மேல்தான் எல்லாரும் ஈரத் துண்டைக் காயப்போட்டார்கள்.

மீட்ட முறை எளியது. வெளியே பாறை வெட்டும் எந்திரங்களை உள்ளே உட்கார்ந்து திரையில் பார்த்து ஓட்டுவதுதான் அங்கே பிழைப்பு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரைகள் தாமாக அணையும். இருபது விநாடி, இருபதடி தள்ளியிருக்கும் எதையாவது பார்க்க வேண்டும். சன்னலே இல்லாத ஊரில் எதைப் பார்ப்பது? தலைவர் பாறையைக் குடைந்து நீளக் கூடம் ஒன்று அமைத்து, தம்பதிகளை எதிரெதிர் முனைகளில் உட்காரவைத்தார். ஒருவருக்கு ஒருவர் 'பார்வைத்துணை'.

மாசிலாமணிக்கும் பவளக்கொடிக்கும் இது பதினோராவது வருடம். கண் பரிசோதனை நாளன்று காலை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பவளம், எனக்கு அவ்வளவு தூரம் தெரியல. தோத்துட்டா துருவத்துக் காளான் பண்ணைக்கு அனுப்பிருவாங்க. நீ இங்க, நான் அங்க."

"அப்ப தினம் யாரைப் பார்த்துங்க சிரிச்சீங்க?"

"உன்னத்தான். செவப்பா, குட்டையா, அமைதியா நிப்பே."

"நான் எப்பங்க அமைதியா இருந்தேன்? என் பக்கத்துல இருக்கிற தீயணைப்பான் அது."

சொல்லிவிட்டு, அவன் இல்லாத கூடத்தை நினைத்துப் பார்த்தாள். அது பிடிக்கவில்லை. துணை காட்டும் விரல்களை எண்ணிச் சொல்வதுதான் பரிசோதனை.

"மூணு, ஒண்ணு, அஞ்சு. இதே வரிசையில காட்டுறேன். மனப்பாடம் பண்ணிக்குங்க."

பத்து மணிக்கு, மாசிலாமணியின் அருகில் நின்ற பரிசோதக ரோபோ பச்சைக் கொடியை உயர்த்தியது. பவளக்கொடி விரல் காட்டத் தொடங்குவதற்கான சைகை அது.

"மூணு," என்றான் மாசிலாமணி. "ஒண்ணு. அஞ்சு."

"அம்மையார் இன்னும் கையையே தூக்கவில்லை," என்றது ரோபோ.

எதிர்முனையிலிருந்து குரல் வந்தது. "கொடியத் தூக்குவீங்களா மாட்டீங்களா? எவ்வளவு நேரம் நிக்கிறது?"

ரோபோ இருவருடைய கைத்திரைகளையும் வாங்கிப் பார்த்தது. பெரிய திரை அணைந்ததும் எதிர்முனையைப் பார்த்து ஒரு சிரிப்பு, பிறகு மிச்ச விநாடிகள் முழுக்க மடியில் இருந்த கைத்திரையில் ஒருவருக்கொருவர் செய்தி. பதினோரு வருடமும் அப்படித்தான்.

"'சாப்டாச்சா?' 'இப்பதான சேர்ந்து சாப்ட்டோம்.' 'சரி சரி.' பிறகு ஒரு ரோஜாப் படம்," என்று வாசித்தது. "இருவருக்கும் காளான் பண்ணை."

"ஒரே பண்ணையா?" என்றாள் பவளக்கொடி.

"ஒரே பண்ணை."

அவள் அவசரமாக முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, பெட்டி கட்டப் போய்விட்டாள்.

தலைவர் விடவில்லை. மாசிலாமணியின் அருகே வந்து நின்று, தொண்டையைச் செருமி, இருபது விநாடி திரையைப் பிரிந்திருக்க முடியாத தலைமுறையைப் பற்றிப் பத்து நிமிடம் முழங்கினார். முடிவில் எதிர்முனையைப் பார்த்து, வாதாடாமல் அமைதியாக நின்று கேட்டதற்காகப் பவளக்கொடியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

அங்கே தீயணைப்பான் மட்டும்தான் இருந்தது.