வெள்ளைக்குள் ஏழு பேர்

திரையில் பனி ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனால் பக்கத்திலிருந்த ஸ்கோப்பில், வெளிச்சத்தின் அளவைக் கோடாக வரைந்து காட்டும் அந்தச் சின்னக் கட்டத்தில், சமமாக ஓடவேண்டிய கோடு ஏழு இடங்களில் லேசாக உள்வாங்கியிருந்தது.

ஜெஸ்லின் நாற்காலியை முன்னால் உருட்டிக்கொண்டாள். நாகலூருக்கு அப்பால், ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவில் பாலகுமார் இயக்கிய படம் அது. படத்துக்கு நிறம் சரிசெய்வது அவள் வேலை. காப்பி காயவைக்கும் களத்தின் ஓரமாக இருந்த பழைய கிடங்கையே அவளுக்கு அறையாக ஒதுக்கியிருந்தார்கள். சுவருக்குச் சாம்பல் நிறம் பூசி, இருந்த ஒரே சன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்ததால் மதியம் மூன்று மணிக்கும் உள்ளே இருட்டாக இருந்தது. பழைய கொட்டையின் புளித்த வாசனையும், மானிட்டரின் விசிறி ஓயாமல் இரையும் சத்தமும் தவிர வேறொன்றும் அந்த இருட்டில் இல்லை.

தியேட்டருக்கான வேலை சென்னையிலேயே முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது எச்.டி.ஆர். பதிப்பு. சாதாரணத் திரையில் வெறும் வெள்ளையாகப் போய்விடும் இடத்தையும் கேமரா பதிவு செய்தே வைத்திருக்கும். அதை வெளியே கொண்டுவந்து காட்டத்தான் இந்த மானிட்டர். அவள் அந்தப் பதிப்புக்கு மாற்றி, வெள்ளையை மெல்லக் கீழே இறக்கினாள்.

காட்சியில் வரும் பங்களா சன்னலுக்கு வெளியே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில், ஏழு பேர் நின்றிருந்தார்கள். கைகள் பக்கவாட்டில் தொங்கின. ஏழு பேரும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலகுமாருக்குப் போன் செய்தாள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவர், திரும்பும் வழியில் பனி இறங்கி நாகலூர் பஸ் ஸ்டாப்பிலேயே காரை நிறுத்தியிருந்தார். காரின் பானட்டே கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். ஆட்கள் யாராவது குறுக்கே வந்துவிட்டார்களா என்று கேட்டாள். படம் எடுத்த அன்றைக்குச் சன்னல் பக்கம் ஒருத்தரையும் நிற்கவிடவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது.

அதே காட்சியின் அடுத்த டேக்கைத் திறந்தாள். பத்து நிமிடம் கழித்து எடுத்தது. அதே ஏழு பேர், மரங்களுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். மூன்றாவது டேக்கில் முகங்களே தெரிந்தன. எந்த மனிதரின் தோலானாலும், கறுப்போ சிவப்போ, நிறத்தைக் காட்டும் ஸ்கோப்பில் ஒரே சாய்கோட்டின் மேல்தான் விழும். பத்து வருடமாக அவள் தினமும் பார்ப்பது அது. இந்த முகங்கள், நிறமே இல்லாதது விழும் நடுப்புள்ளியை விட்டு அசையவில்லை.

கதவு தட்டப்பட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமையல் செய்யும் கண்ணாயி, டீ டம்ளரோடு நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் களம் இல்லை, பங்களா இல்லை, வெள்ளை மட்டும்.

"காட்டுமாடு உள்ள பூந்துரும். கேட்டைச் சாத்திப்போட்டு வந்தர்றன் கண்ணு."

போகாதீர்கள் என்று சொல்ல ஜெஸ்லின் வாயெடுத்தாள். காரணம் கேட்டால் என்ன சொல்வது? டம்ளரை வாங்கிக்கொண்டாள். கண்ணாயியின் செருப்புச் சத்தம் களத்தின் சிமெண்டுத் தரையில் சரக் சரக் என்று போயிற்று. தேய்ந்து மறையவில்லை. பாதிக் களத்தில் நின்றுபோயிற்று.

"கண்ணாயிக்கா!"

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அறைக்கு அந்த ஒரு கதவுதான். பங்களாவுக்கோ ரோட்டுக்கோ போவதென்றால் அந்த வெள்ளைக்குள்தான் இறங்க வேண்டும். மூலையில் படக் கேமரா ஸ்டாண்டோடு நின்றது. அதைச் சன்னலுக்கு இழுத்து, துணியின் ஓரத்தை விலக்கி, கேபிளை மானிட்டரில் சொருகினாள். கண்ணுக்கு வெறும் பனி. திரையில், வெள்ளையை இறக்க இறக்க, களம் தெரிந்தது. கேட் தெரிந்தது.

எட்டுப் பேர் இருந்தார்கள்.

எட்டாவது கண்ணாயி. கேட்டருகே, கைகளைத் தொங்கவிட்டு, கிடங்கைப் பார்த்து நின்றாள். ஜெஸ்லின் ஸ்கோப்பைப் பார்த்தாள். நடுப்புள்ளி.

கதவு தட்டப்பட்டது.

"கதவைத் தொறங்க கண்ணு. நொம்பக் குளுருது."

கண்ணாயியின் குரல்தான். அதே கரகரப்பு, முடிவில் அதே சின்ன இருமல். ஜெஸ்லினின் கை தாழ்ப்பாள்வரை போய்விட்டது. ஒருவேளை கண்ணாயி உயிரோடு, நனைந்துபோய், அந்தப் பலகைக்கு வெளியே நடுங்கிக்கொண்டிருந்தால்? திரும்பித் திரையைப் பார்த்தாள். கண்ணாயி கேட்டருகேயே நின்றிருந்தாள். வாய் மூடியிருந்தது.

"கதவைத் தொறங்க கண்ணு. நொம்பக் குளுருது."

அதே இருமல். அதே இடத்தில்.

திரையில் இப்போது கண்ணாயி மட்டும்தான். மற்ற ஏழு பேரையும் காணவில்லை. கதவு இருக்கும் பக்கம் கேமராவுக்குத் தெரியாது.

அவள் பின்வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டும் சத்தம் நின்றது. பிறகு கதவின் அடியிலிருந்து குளிர் வந்தது. பனி, பால் கொட்டியதுபோல், தரையோடு தரையாக உள்ளே பரவியது. அவள் கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

திருப்பியிருக்கக் கூடாது.

கண்ணுக்குப் பனி. திரையில் கைகள். கதவிடுக்கில் தட்டையாக நுழைந்து, இந்தப் பக்கம் வந்ததும் உப்பி, விரல்களால் தரையைத் தடவித் தடவி வந்தன. பதினான்கு கைகள்.

கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டாள். கத்தினாள். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

நாற்காலி அசைந்தது. அதன் சக்கரங்கள் மெதுவாக, கதவை நோக்கி, உருளத் தொடங்கின.

திரையில் ஒரே ஒரு கை மட்டும் நாற்காலியைத் தொடவில்லை. அது கதவின் உட்புறமாக ஏறி, தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தது.