ஸ்ரீ சீசர் வித்யாலயாவின் அடியில்

செவ்வாய்க் கிரகத்தின் செம்புலம் நகரில், ஸ்ரீ சீசர் வித்யாலயாவின் புது மனைக்கு அன்று காலை எட்டரை மணிக்கு ஒரு ரோமானியக் குளியல் மண்டபம் வந்து இறங்கியது. வயது ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள். அச்சிட்டு ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

நான்கு பார வண்டிகளில் நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். உடைந்த தூண்கள் ஒன்பது, பாதித் தரைச்சித்திரம் ஒன்று, தலையில்லாத சிலை ஒன்று. தலையுள்ள சிலையும் கிடைக்கும்; பெற்றோர் அதை நம்புவதில்லை.

"இந்தத் தூண் வேணாம், திருப்பி எடுத்துட்டுப் போ" என்றார் பள்ளியின் தாளாளர் வைரவநாதன்.

"ஏங்க? நல்லாத்தானே உடைஞ்சிருக்கு?" என்றான் வண்டிக்காரன்.

"யோவ், நாங்க கேட்டது மேல் பக்கம் உடைஞ்சது. இது நீ வழியில இடிச்சு உடைச்சது. எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

செம்புலத்தில் இது அன்றாடம் நடப்பது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பூமியில் எங்கோ ஓர் ஊரில் பள்ளிக்கூடம் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது ரோமானியக் கட்டடங்கள் வெளிப்பட்டன. அவற்றை மூடாமல் சுற்றிலும் பள்ளியைக் கட்டினார்கள். அந்தப் பள்ளியின் பிள்ளைகள் பிரமாதமாகப் படித்தார்கள். காலடியில் பழமை இருந்தால் படிப்பு ஏறும் என்று கல்வி வல்லுநர்கள் முடிவு கட்டினார்கள். அந்தப் பள்ளியில் நல்ல ஆசிரியர்கள் இருந்ததை யாரும் குறித்து வைக்கவில்லை.

செவ்வாய்க்கு மனிதர்கள் குடியேறியபோது அந்த விதியும் மூட்டைமுடிச்சோடு வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கு முதல்தரம் கிடைக்க வேண்டுமானால் அதன் அடியில் குறைந்தது ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை வேண்டும். இதற்கு 'அடிப்பெருமை' என்று பெயர். மனிதன் வந்தே எண்பது ஆண்டுதான் ஆன இடத்தில் அடிப்பெருமைக்கு எங்கே போவது? எனவே அச்சு உலைகள் தோன்றின. செம்மண்ணைப் பொடித்துக் குழைத்து, கேட்ட நூற்றாண்டுக் கட்டடத்தை அச்சிட்டுத் தருவார்கள். பிறகு 'வயதேற்றி' என்ற இயந்திரத்துக்குள் வைத்துக் கதிர் பாய்ச்சுவார்கள். வயதுமானியை அதன்மேல் வைத்தால் கேட்ட வயது அப்படியே காட்டும்.

ரோமானியம்தான் வேண்டும் என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. தொடக்கத்தில் ஒருவர் ஆசையாகச் சங்ககால உறைகிணறு ஒன்றைப் புதைத்துப் பள்ளி நடத்திப் பார்த்தார். இரண்டே ஆண்டில் இழுத்து மூட நேர்ந்தது. பெற்றோர் அதைத் தமிழ் மீடியம் என்று நினைத்துவிட்டார்கள்.

புதைப்பதற்கு ஒழுங்கான நடைமுறை உண்டு. மனையின் அடியில் ஒன்றுமே இல்லை என்று தொல்நிலத் துறை முதலில் ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதன் பிறகு மண்டபத்தைப் புதைக்கலாம். மனையின் அடியில் பெரும் பழமை இருக்கிறது என்று அதே துறை, இரண்டு மேசை தள்ளி, இன்னொரு சான்றிதழ் தரும்.

முதல் சான்றிதழுக்காகத்தான் நில ஆய்வாளர் தமயந்தி வந்திருந்தாள். கூடவே நிலமறி இயந்திரம். எட்டுக் கால்களும் நீண்ட மூக்கும் கொண்ட அதை அலுவலகத்தில் எல்லோரும் பெருச்சாளி என்றே அழைத்தார்கள்.

"வாங்கம்மா, வாங்க" என்று வைரவநாதன் மனையை மூடியிருந்த காற்றுக் கூடாரத்தின் வாசலுக்கே வந்து வரவேற்றார். "கீழ ஒண்ணும் இல்லேன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா நாளைக்கே புதைச்சிருவோம். வியாழக்கிழமை தரக்குழு வருது. பாப்பா பேரு என்ன சொன்னீங்க?"

"யாழிசை."

"பேருக்கே பாதி மார்க் போடலாம். இன்டர்வியூ எல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்."

தமயந்தி சிரிக்க முயன்றாள். யாழிசைக்கு மூன்றரை வயது. முதல்தரப் பள்ளியில் சேராத பிள்ளைகள் 'தரைப்பள்ளி'யில் படிப்பார்கள். பதினேழு வயதானதும் பெயர்ப் பட்டியல் வரும்; தென்துருவப் பனிச்சுரங்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தமயந்தியின் கணவன் சேந்தன் தரைப்பள்ளியில் படித்தவன். ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு நாள் வீட்டுக்கு வருவான். அதில் ஏழு நாள் இருமுவான். போன தடவை மகள் அவனைப் பார்த்து, "இந்த மாமா எப்பம்மா ஊருக்குப் போவாரு?" என்று கேட்டாள்.

அதனால் தமயந்திக்கு அந்த இடம் வேண்டும். அதற்காக எதிலும் கையெழுத்திடும் நிலையில் இருந்தாள்.

பெருச்சாளி தோண்டத் தொடங்கியது. ஒரு மீட்டர், இரண்டு, மூன்று. நான்காவது மீட்டரில் நின்றது.

"அதிகாரி, இங்கே ஒரு கட்டடம் இருக்கிறது" என்றது.

"வேற யாராவது புதைச்சு வச்சதா இருக்கும். அச்சு முத்திரை இருக்கா பாரு."

"முத்திரை இல்லை. வயது முந்நூறு கோடி ஆண்டுகள். செவ்வாயில் மழை பெய்த காலம். கட்டியவர்கள் மனிதர்கள் அல்லர்."

தமயந்தி குழிக்குள் இறங்கினாள். அரைமணி நேரத்தில் பெருச்சாளி தூசியை ஊதித் தள்ளியதும் தரை தெரிந்தது. வட்டமாகப் போடப்பட்ட முப்பத்தேழு கல்லிருக்கைகள். எல்லாம் முழங்காலுக்குக் கீழான ஒரே உயரம். ஒவ்வொன்றின் முன்னும் தரையில் மூன்று பள்ளங்கள். மூன்று கால்கள் நெடுநாள் ஊன்றித் தேய்ந்த தடம். இருக்கைகளின் பின்னால் ஆளுக்கொரு கற்பலகை. எல்லாப் பலகையிலும் ஒரே குறி வரிசையாகக் கீறப்பட்டிருந்தது. முதல் வரியில் கோணல்மாணலாக இருந்தது, கீழே வர வர நேரானது.

"என்ன இடம் இது?" என்றாள்.

"பள்ளிக்கூடம். முப்பத்தாறு இருக்கைகளின் தேய்மானம் சிறிய உடல்களுடையது. ஒன்று மட்டும் பெரியவருடையது. அதுவும் அதே வட்டத்தில், அதே உயரத்தில் இருக்கிறது. அவர் பலகையிலும் முதல் வரி கோணலாகவே இருக்கிறது."

தமயந்தி கையுறையைக் கழற்றி ஒரு பலகையைத் தொட்டாள். முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு குழந்தை அந்த வளைவைப் போட வராமல் ஆறு முறை போட்டுப் பார்த்திருந்தது. ஏழாவது சரியாக வந்திருந்தது. அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சுழி; சந்தோஷத்தில் போட்டதாக இருக்கலாம்.

வைரவநாதன் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா அது? ரோமானியமா?"

"இல்லீங்க. செவ்வாய்க்காரங்க கட்டினது. நிஜம். நமக்கு முன்னாடி இங்க ஆளுங்க இருந்திருக்காங்க சார்! மனுஷ சரித்திரத்துலயே இப்படி ஒண்ணு..."

"ரோமானியம் இல்லையில்ல?"

"இல்ல."

"அப்புறம் அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வெளியே சொன்னா மனையைச் சீல் வச்சிருவாங்களே!"

அது உண்மைதான். தொல்பொருள் காப்புச் சட்டம் அங்கே மிகக் கடுமையானது. அசல் பழம்பொருள் கிடைத்தால் மனைக்கு ஒன்பது ஆண்டுகள் முத்திரை. அந்தக் கடுமையின் பயனாக, செம்புலத்தில் இதுவரை ஒரு பழம்பொருள்கூடக் கிடைத்ததில்லை.

வைரவநாதன் குரலைத் தாழ்த்தினார். "நான் உங்களை மிரட்டல. நானும் பிள்ளை குட்டிக்காரன். முந்நூறு இடத்துக்கு மூவாயிரம் பேர் நிக்கிறாங்க. யாழிசைக்கு ஒரு இடம் எடுத்து வச்சிருக்கேன். கல்லும் மண்ணும்னு எழுதுங்க. அதுவும் பொய் இல்லையே? கல்லுதானே அது?"

தமயந்தி பலகையிலிருந்து கையை எடுத்துக் கையுறையை மாட்டினாள். பிறகு, "பதிவேட்டுல பேரை இப்பவே ஏத்துங்க" என்றாள்.

மாணவர் பதிவேட்டில் ஏறிய பெயரைச் செம்புலத்தில் மரணம் மட்டுமே நீக்க முடியும். வைரவநாதன் அங்கேயே தம் மணிக்கட்டுத் திரையில் பெயரை ஏற்றிக் காட்டினார். புது மனைக்கு என்ன ஆனாலும் பள்ளியின் பழைய வளாகத்தில் அந்தப் பெயருக்கு இடம் உண்டு.

"கண்டுபிடிப்பை எந்தத் தலைப்பில் பதிவது?" என்று பெருச்சாளி கேட்டது.

"கற்குவை. பயனற்றது."

"அந்தத் தலைப்பு பொருந்தவில்லை. தங்கள் கைரேகை வேண்டும்."

வைத்தாள். தவறாகக் கணித்துவிட்டதாகப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம். தவறாகக் கணிப்பதற்குத் துறையில் தண்டனை கிடையாது.

ஆனால் உடைத்து அள்ளிவிடலாம் என்று வைரவநாதன் ஆட்களைக் கூப்பிட்டபோது தடுத்தாள். "உடைச்சு எடுக்க நாலு நாள் ஆகும் சார். குழு நாளன்னைக்கே வருது. அது மேலேயே தரைச்சித்திரத்தைப் போட்டு மூடிருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

வைரவநாதனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. தரக்குழுவின் வயதுமானி பத்து மீட்டர் ஆழம்வரை படிக்கும் என்பதை அவர் அறியமாட்டார். தமயந்தி அறிவாள். உண்மை வெளியே வரும். ஆனால் அவள் கையெழுத்தில் வராது. ஓர் அரசு ஊழியரிடம் இதைவிடப் பெரிய வீரத்தை எதிர்பார்க்கக் கூடாது.

வியாழக்கிழமை தரக்குழுத் தலைவர் மாசிலாமணி வந்தார். துறையில் முப்பது ஆண்டு அனுபவம். தூண்களைத் தட்டிப் பார்த்தார். தலையில்லாத சிலையின் கழுத்தைத் தடவி, "நல்ல வெட்டு" என்று பாராட்டினார். தரைச்சித்திரத்தின் மேல் வயதுமானியை வைத்ததும் அது வீறிட்டது. எண்ணைப் பார்த்து மாசிலாமணியின் முகம் சுருங்கியது.

"இதைத் தூக்குங்க."

தூக்கினார்கள். வட்டம் தெரிந்தது. தமயந்தி மாசிலாமணியின் முகத்தையே பார்த்தாள். இதோ, இன்னும் ஒரு நிமிடத்தில் செவ்வாயின் வரலாறு மாறப்போகிறது.

மாசிலாமணி வைரவநாதனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்யா, உங்களுக்கெல்லாம் ஒரு அளவே கிடையாதா? ரெண்டாயிரம் போடு, மூவாயிரம் போடு. முந்நூறு கோடியா? பொய் சொன்னாலும் நம்பற மாதிரி சொல்ல வேணாமா?"

"சார், அது... வந்து..."

"இந்தப் பருவத்துல இது எட்டாவது பள்ளிக்கூடம். எல்லா எடத்துலயும் இதே வட்டம், இதே மூணு பள்ளம். எவனோ ஒரே அச்சை வச்சுக்கிட்டு ஊர் பூரா வித்துட்டிருக்கான். முந்தின ஏழையும் நான்தான் உடைச்சுப் போடச் சொன்னேன்."

தமயந்தி கணக்குப் போட்டாள். ஏழு. அப்படியானால் இந்த ஊர் முழுக்க, இந்தக் குமிழ் வீடுகள் அத்தனைக்கும் கீழே...

மகள் பெயர் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அந்தத் தைரியத்தில் முன்னே வந்தாள். "ஐயா, இது அச்சு இல்ல. நிஜம். நான்தான் கண்டுபிடிச்சேன். கற்குவைன்னு தப்பா எழுதிட்டேன். அந்த ஏழும் நிஜந்தான். வேணும்னா பெருச்சாளியைக் கேளுங்க, அது பொய் சொல்லாது."

"பொய் சொல்லாதும்மா. ஆனா ஏமாறும்" என்றார் மாசிலாமணி, பரிவோடு. "வயதேற்றியில போட்ட கல்லை எந்திரம் நிஜம்னு நம்பணும். அதுக்குத்தானே வயதேற்றி? ஏழு எடத்துலயும் உங்களை மாதிரி ஒரு ஆய்வாளர் கண்ணுல தண்ணியோட வந்து நிஜம்னுதான் சொன்னாங்க. ஸ்கூல்காரங்க எவ்வளவு சொல்லிக் குடுக்கிறாங்க பாருங்க!"

"ஐயா, அந்தப் பலகையைக் கொஞ்சம் பாருங்க. எழுதிப் பழகியிருக்கு. அது ஒரு பள்ளிக்கூடம்."

"பள்ளிக்கூடமா!" மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். குழிக்குள் இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்தார். "எங்கம்மா மேடை? வாத்தியார் எங்க நிப்பாரு?"

"அவரும் வட்டத்துலதான் உக்காந்திருக்காரு. அதோ, அந்த அகலமான கல்."

"பிள்ளைங்களோட சமமாவா? முன் வரிசை எது, பின் வரிசை எது? நல்லாப் படிக்கிறது யாரு, படிக்காதது யாருன்னு எப்படித் தெரியும்? இது என்ன, வாத்தியார் பலகையிலயும் தப்பு இருக்கு? வாத்தியார் தப்பு பண்ணி, அதைப் பிள்ளைங்க முன்னாடியே திருத்தினாராக்கும்!" அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "இங்கதான் மாட்டிக்கிட்டான் அச்சுக்காரன். கல்லு நல்லாப் பண்ணியிருக்கான், ஒத்துக்கறேன். ஆனா பள்ளிக்கூடம்னா என்னன்னே அவனுக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க, பெத்தவங்க யாராவது இப்படி ஒரு எடத்துக்குப் பிள்ளையை அனுப்புவாங்களா?"



மாசிலாமணி கையசைத்தார். ஆட்கள் இயந்திர உளிகளோடு இறங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் வட்டம் ஜல்லியாகிவிட்டது. விளையாட்டு மைதானத்தில் கொட்டிப் பரப்ப உதவும் என்று வைரவநாதன் சொன்னார். குளியல் மண்டபத்துக்கு முதல்தரச் சான்றிதழ் கையெழுத்தாயிற்று.

எல்லோரும் புறப்படும்போது வைரவநாதன் ஓடிவந்து தமயந்தியிடம் ஒரு தாளை நீட்டினார். அவருக்கு அவள்மேல் கோபம் இல்லை. அவள் உளறியதும் பள்ளிக்கு நன்மையாகவே முடிந்திருந்தது: மனைக்கு முத்திரை விழவில்லை, மைதானத்துக்கு ஜல்லியும் கிடைத்தது.

"பாப்பாவோட சேர்க்கைச் சீட்டு. வர்ற திங்கக்கிழமை கூட்டிட்டு வந்துருங்க."

தமயந்தி படித்தாள். யாழிசை, எல்.கே.ஜி., 'எஃப்' பிரிவு, ஒன்பதாவது வரிசை, நான்காவது இருக்கை. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை இருக்கை மாற்றக் கோரக் கூடாது.

கசங்கிவிடாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றாள்.