இருபத்து நான்காவது நாற்காலி

இருபத்து மூன்று பேருக்குப் போட்ட மேஜையில் இருபத்து நான்கு நாற்காலிகள் இருந்தன. பரிமாற வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டே ஒன்றைத் தூக்கி வெளியே கொண்டுபோனார். அவர் திரும்பி வருவதற்குள், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் மாணவியின் இடப்பக்கத்தில் மறுபடியும் ஒன்று இருந்தது.

நர்சிங் கல்லூரியின் கடைசி வருட மாணவிகளுக்கு முதல்வரம்மா கொடுக்கும் பிரிவு விருந்து அது. இருபத்திரண்டு மாணவிகளும் அவரும். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைத் துணி, வரிசை பிசகாத கரண்டிகள், மடித்து நிறுத்திய கைக்குட்டைகள். சத்தமில்லாமல் சூப் குடிக்க நெட்டை இரண்டு நாளாகப் பழகியிருந்தாள். ஆனால் மர பாலிஷ் வாசனைக்கும் சூப்பின் மிளகு வாசனைக்கும் அடியில், வெயிலே படாத தண்ணீரின் பாசி வாடை ஒன்று இடப்பக்கமிருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்து வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

அந்த வாடை அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

ஐந்து மாதத்துக்கு முன் விடுதிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நெட்டையின் அறைத்தோழி, எல்லோரும் குட்டை என்று கூப்பிட்டவள், "நான் போய்ப் பாத்துட்டு வரேன்டி" என்று மொட்டைமாடித் தொட்டிக்குப் போனாள். தொட்டி மூடி உடைந்திருக்கிறது என்று அவர்கள் மூன்று முறை எழுதிக் கொடுத்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் மோட்டார் ஓடியது, தண்ணீர் வந்தது. குட்டை வரவில்லை. மூன்றாம் நாள்தான் அவளைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள். அதுவரை விடுதியே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

விடுதியை விட்டு ஓடிப்போனவள் ஆற்றில் விழுந்துவிட்டாள் என்று முதல்வரம்மா ஒரு தாள் தயார் செய்தார். கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். எல்லோரும் போட்டார்கள். நெட்டையும் போட்டாள்.

"ஒவ்வொருத்தரா எழுந்து, காலேஜைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க," என்றார் முதல்வரம்மா.

முதல் பெண் எழுந்தாள். ஒழுக்கம் என்றாள், நன்றி என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. சொட்டு. சொட்டு. பக்கத்து நாற்காலியின் விளிம்பிலிருந்து தரைக்கு. மேஜைத்துணியில் ஈரம் படர்ந்து நெட்டையின் தட்டை நோக்கி வந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

மடியில் கிடந்த அவள் கைமேல் எதுவோ வந்து அமர்ந்தது. சில்லென்று. ஊறிச் சுருங்கிய விரல்கள். எழுந்து ஓடு என்றது உடம்பு. பிறகு பயத்துக்குள்ளிருந்தே கோபம் வந்தது. எத்தனை நாள் ஓடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விரல்களைப் பற்றிக்கொண்டாள்.

அவள் முறை. எழுந்தாள்.

"நல்ல வார்த்தை எங்கிட்ட இல்ல மேடம்."

"உட்காரு."

"மாட்டேன். குட்டை ஓடிப்போகல. நம்ம தொட்டியில செத்துக் கிடந்தா. பொய்னு தெரிஞ்சேதான் நானும் கையெழுத்துப் போட்டேன். இனிமே அந்தப் பொய்யச் சொல்ல என்னால முடியாது. எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

"சர்டிபிகேட் வேணாமா உனக்கு?"

"நீங்களே வெச்சுக்குங்க."

யாரோ விசும்பினார்கள். நெட்டையின் கைக்குள்ளிருந்த விரல்கள் நழுவிப் போயின. நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. தரையில் ஈரக் காலடிகள். சின்னவை. ஒவ்வொரு மாணவிக்குப் பின்னாலும் ஒரு கணம் நின்று, நகர்ந்து, மேஜைத் தலைமாட்டுக்குப் போயின.

முதல்வரம்மா சிரிக்கப் பார்த்தார். "அந்தப் பொண்ணு ஓடிப்போ..."

சொல் முடியவில்லை.

வெளுத்து உப்பிய இரண்டு கைகள் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்தன. அழுத்தின. கழுத்து பின்னுக்குச் சாய்ந்தது. வாய் திறந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் ஏறியது.

பெண்கள் அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள். நெட்டை ஓடவில்லை. கண்ணையும் மூடவில்லை. யாராவது ஒருத்தி பார்த்திருக்க வேண்டும்.

உதடு விளிம்புவரை தளும்பி நின்றது தண்ணீர். ஒரு துளி சிந்தவில்லை. அதில் கூரை விளக்கு அசையாமல் தெரிந்தது. அதற்கு மேலே முதல்வரம்மாவின் கண்கள் மட்டும், உயிரோடு, இப்படியும் அப்படியும் உருண்டுகொண்டிருந்தன.