மிஷின் இருந்த மூலை

காலையில் கூடத்துக்கு வந்த மாமியார் அப்படியே நின்றாள். ஜன்னலோர மூலை காலியாகக் கிடந்தது. நேற்றுவரை மருமகளின் தையல் மிஷின் அங்கேதான் இருந்தது.

"அதையும் தலையைச் சுத்தி எறிஞ்சாச்சா?"

"சிநேகிதி கடையில போட்டிருக்கேன் அத்தை. இனிமே அங்க போய்த் தைச்சுட்டு வந்துடுறேன்" என்றாள் மருமகள், பாத்திரம் கழுவியபடியே.

"இன்னும் கதவு ஜன்னல்தான் பாக்கி. அதையும் கழட்டிக் குடுத்துடு..."

எட்டு மாதமாக இதே கூத்துதான். சோபா போனது, கண்ணாடி மேஜை போனது, தரைவிரிப்பு போனது. குறைந்த சாமானோடு வாழலாம் என்று மருமகள் சொன்ன அன்றே, இது சுத்தக் கஞ்சத்தனம் என்று மாமியார் தீர்ப்பு எழுதிவிட்டாள். தன் பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் தூங்கினாள். போன மாதம் மருமகள் தையல் டேப்பை வைத்து மாமியாரின் அறையையும் கூடத்தையும் அளப்பதைப் பார்த்ததும் பயந்துபோனாள். சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டு அழுது தீர்த்தாள். வந்து கூட்டிக்கொண்டு போ என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள்.

தங்கை பத்து மணிக்கு வந்து சேர்ந்தாள்.

"இரு, பையை எடுத்துட்டு வரேன். இந்த வீட்டுல நானும் ஒரு வேண்டாத சாமான்தான்..." என்று மூக்கைச் சிந்திக்கொண்டே மாமியார் அறைக்குப் போனாள். பையோடு விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

தங்கை வாயைப் பிளந்தாள். "அக்கா, உன் கைத்தடி எங்க?"

மாமியார் திரும்பிப் பார்த்தாள். தடி அறைக்கதவுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது. போன வருஷம் இதே கூடத்தில் தரைவிரிப்பு தடுக்கி விழுந்து, மேஜை முனையில் மோதி நெற்றியில் மூன்று தையல். பிறகு தடியை ஊன்றி, சோபாவைச் சுற்றிச் சுற்றிச் சுவரைப் பிடித்துத்தான் நடை. கடைசியாக எப்போது விழுந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். எட்டு மாதமாக விழவே இல்லை.

தங்கை மருமகளிடம் திரும்பினாள். "ஏம்மா, ரூமை வாடகைக்கு விடத்தான் நீ டேப் வச்சு அளந்தேன்னு அக்கா அழுதாளே?"

மாமியாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் அத்தை இடிச்சுக்காம நடக்க எவ்வளவு இடம் வேணும்னு அளந்தேன் சித்தி. போன வாரம் மிஷின் கால்ல விரலை இடிச்சுக்கிட்டாங்க. அதான் அதையும் எடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி..."

"சொல்லத்தான் அளந்த அன்னிக்கு உங்க ரூமுக்கு வந்தேன் அத்தை. நீங்க போன்ல பேசிட்டிருந்தீங்க."

அப்படியானால் அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது. கேட்ட பிறகும் வேளாவேளைக்குச் சோறு போட்டிருக்கிறாள். மாமியார் கூசிப்போனாள். அறைக்குள் போய் இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்தாள். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். நசுங்கிய பாத்திரங்கள், ஜோடி இல்லாத மூடிகள், ஓடாத கடிகாரம்... எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

"உங்க சாமான் உங்களோடது அத்தை. நான் என்னோடதையும் இடிக்கிறதையும்தான் எடுத்தேன். எல்லாத்தையும் தூக்கிப் போடணும்னு யாரு சொன்னா?"

மாமியார் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "இந்த பீரோவை வெளிய எடு. மிஷினைக் கொண்டு வந்து இங்க வை. நீ என் ரூம்ல உக்காந்து தை. என்னை மன்னிச்சிடும்மா..."

மருமகள் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருமே அழுதார்கள். தங்கை பையைக் கொண்டுபோய்க் கட்டிலடியில் வைத்தாள்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"யாருக்கு அத்தை?"

"முதல்ல உன் நாத்தனாருக்கு. நீ பக்கத்துலயே இரு... நான் சொல்றது உன் காதுலயும் விழணும்."

மறுமுனையில் மகள் எடுத்ததும் மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தாம்மா பேசறேன். உன் அண்ணியைப் பத்தி நான் சொன்னது எதுவும் நிஜமில்லை."